நாவல் பாதியில் நிற்கும்போது வேறு கதைகள் வந்து கூப்பிட்டால் என்ன செய்கிறீர்கள்?

கொழுந்துமலை
ஞாயிறு, இரவு 9.20

மூன்று வருடமாக ஒரு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். இலங்கையில் அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் மூன்று தலைமுறையாக வாழ்ந்த குடும்பம், 1973இல் தலைமன்னாரிலிருந்து ராமானுஜம் கப்பலில் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் காத்திருந்து, கடைசியில் கோத்தகிரிக்கு வந்து சேர்கிறது. என் அப்பாவின் குடும்பம் அப்படி வந்ததுதான். 1964 அக்டோபர் 30 அன்று இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில், இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று பிரித்தார்கள். அந்த 5,25,000இல் ஏழு பேர் எங்கள் வீடு.

22 அத்தியாயம் என்று திட்டம். இப்போது 14இல் நிற்கிறேன். கையெழுத்தில் 280 பக்கம் ஆகிவிட்டது.

பிரச்சினை இதுதான். ஐந்தாறு மாதமாக இரண்டு வாரத்துக்கு ஒரு புதுக்கதை மனசுக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது. பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுக்கும் ஒரு ஸ்டூடியோக்காரர். ராமேஸ்வரம் துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்குகிறவர்களுக்கு இட்லி விற்கும் ஓர் அம்மா. தேயிலைத் தொழிற்சாலையில் இலை எடை போடும் ஒருவர், ஒரு நாள் தராசைச் சரியாக வைத்துவிடுகிறார். இவை போக, நாவலுக்குச் சம்பந்தமே இல்லாமல் ஊட்டி ரயிலில் நடக்கும் ஒரு துப்பறியும் கதை.

ஒவ்வொன்றும் வரும்போது கை பரபரக்கிறது. நாவலைத் திறந்தால் ஒரு பத்தி நகர ஒரு மணி நேரம் ஆகிறது. புதுக்கதையின் முதல் இரண்டு பக்கமோ தானாக ஓடுகிறது. போன மாதம் ஸ்டூடியோக்காரர் கதையை ஆறு பக்கம் எழுதிவிட்டேன். அந்த வாரம் முழுவதும் நாவல் நோட்டைத் தொடவில்லை. பிறகு திரும்பிப் போனபோது என் பாத்திரங்களின் குரலே காதில் விழவில்லை. மறுபடி பிடிக்கப் பதினைந்து நாள் ஆயிற்று.

என் அப்பாயிக்கு 84 வயது. அவர் சொன்னதை வைத்துத்தான் பாதி நாவல். அவருக்கு நானே படித்துக் காட்ட வேண்டும் என்பது ஆசை. அதனால் காலம் எனக்கு முக்கியம்.

நீங்கள் எல்லாம் என்ன செய்கிறீர்கள்? வரும் கதைகளை எப்படி வைத்துக்கொள்கிறீர்கள்? விரட்டிவிடுகிறீர்களா, எழுதிவிடுகிறீர்களா?

பழைய பேனா
ஞாயிறு, இரவு 10.05

தம்பி, விரட்டாதீர்கள். எழுதியும் விடாதீர்கள். குறித்து வையுங்கள். ஆனால் எப்படிக் குறிக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

நான் பதினெட்டு வருடம் மாதநாவல் எழுதியவன். ஒவ்வொரு மாதமும் 20ஆம் தேதிக்குள் பிரதி மதுரையிலிருந்து சென்னைக்குப் போயாக வேண்டும். அடுத்த நாவலுக்கான யோசனை எந்தத் தேதியில் வரும் தெரியுமா? பெரும்பாலும் 17ஆம் தேதி. கையில் இருக்கும் கதையின் முடிச்சை அவிழ்க்க வேண்டிய நேரம் அது. முதல் சில வருடம் இதைத் தற்செயல் என்றே நினைத்தேன். பிறகுதான் புரிந்தது. புதுக்கதைக்கு இன்னும் நடுப்பகுதி கிடையாது. சிக்கலே வராத கதை அழகாகத்தான் இருக்கும். நீங்கள் இப்போது 14இல் படுகிற பாட்டை அந்த ஸ்டூடியோக்காரரும் எட்டாவது பக்கத்தில் உங்களுக்குக் கொடுப்பார்.

குறிப்பு எழுதும்போது கதைச்சுருக்கம் எழுதாதீர்கள். என் பழைய நோட்டு ஒன்றில், "அக்காள் தங்கை, ஒரே மாப்பிள்ளை, கடைசியில் தியாகம்" என்று இருக்கிறது. எந்த வருடம் எழுதினேன், எதைப் பார்த்து எழுதினேன் என்று ஒன்றும் ஞாபகம் இல்லை. அது செத்த குறிப்பு. அதே நோட்டில் இன்னொரு பக்கத்தில், "டவுன்ஹால் ரோட்டில் பாத்திரக்கடை. பெயர் வெட்டுகிறவர் அண்டாவைத் தொடைக்கிடையில் வைத்துக்கொண்டு, பெண்ணின் பெயரைக் கேட்கிறார். அப்பா சொல்லத் தயங்குகிறார்" என்று இருக்கிறது. இதை எழுதி இருபத்தைந்து வருடம் இருக்கும். இன்றைக்குப் படித்தாலும் அந்த அப்பா ஏன் தயங்கினார் என்று எனக்குத் தெரிய வேண்டும்போல் இருக்கிறது.

எது உங்களை இழுத்ததோ அந்த ஒரு காட்சியை மட்டும், பார்த்தபடியே, பத்து வரிக்குள் எழுதுங்கள். மூடி வையுங்கள். அன்றைக்கே நாவலில் ஒரு வரியாவது எழுதிவிட்டுத் தூங்குங்கள். ஒரு வரி போதும், தொடர்பு விட்டுப்போகாது.

தெற்குவாசல்
ஞாயிறு, இரவு 11.30

எனக்கு இதில் ஒப்புதல் இல்லை. மூன்று வருடம் ஆகியும் ஒரு பத்திக்கு ஒரு மணி நேரம் என்றால், அந்த நாவல் உங்களை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறதோ என்னவோ. கை எங்கே ஓடுகிறதோ அங்கே போக வேண்டும் என்பது என் கட்சி.

டால்ஸ்டாயைப் பாருங்கள். ரஷ்யப் பேரரசர் மகா பீட்டரைப் பற்றி நாவல் எழுத வருடக்கணக்கில் குறிப்பெடுத்தார், திரும்பத் திரும்பத் தொடங்கிப் பார்த்தார், நகரவில்லை. 1873 மார்ச்சில் அதை ஒதுக்கிவைத்துவிட்டு வேறொன்றைத் தொடங்கினார். அதுதான் அன்னா கரீனினா. கடமைக்காகப் பீட்டரோடேயே உட்கார்ந்திருந்தால் உலகத்துக்கு எவ்வளவு நஷ்டம்!

ஸ்டூடியோக்காரர் ஆறு பக்கம் தானாக வந்தார் என்று நீங்களே சொல்கிறீர்கள். ஏழாவது பக்கம் எழுதுங்கள். நாவல் உங்களுடையதுதான் என்றால் திரும்பி வரும்.

நிலவடி
திங்கள், காலை 6.15

தெற்குவாசல் சொன்ன உதாரணத்தையே எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதன் முன்கதை எனக்குப் பிடித்தது. உயர்குடியில் மணமான ஒரு பெண் வழிதவறிப்போகிறாள், அவளைக் குற்றவாளியாக அல்ல, இரக்கத்துக்கு உரியவளாகக் காட்ட வேண்டும் என்ற எண்ணத்தை டால்ஸ்டாய் தன் மனைவியிடம் 1870 பிப்ரவரியிலேயே சொல்லிவிட்டார். மனைவி அதைக் குறித்து வைத்திருக்கிறார். 1872 ஜனவரியில் அவர்கள் ஊருக்குப் பக்கத்து ரயில் நிலையத்தில் அன்னா என்ற பெண்ணே ரயிலின் முன் விழுந்து இறந்தாள். டால்ஸ்டாய் போய் உடலைப் பார்த்தார். அப்போதும் எழுதவில்லை. எழுத உட்கார்ந்தது 1873இல். மூன்று வருடம் அந்தக் கதை காத்திருந்தது. அதற்குப் பிறகும் முடிக்க நான்கு வருடம் ஆயிற்று. ஆகவே, வந்ததும் ஓடிப்போய் எழுதியதற்கு அது உதாரணம் ஆகாது. நல்ல கதை காத்திருக்கும் என்பதற்குத்தான் உதாரணம்.

என் அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன். 2011இல் வள்ளியூர்ப் பக்கத்துக் கல்குவாரி ஒன்றை வைத்து ஒரு நாவல் தொடங்கினேன். 190 பக்கம். குவாரி வெடி வைக்கும் பெரியவர் ஒருவர் அதில் வருவார். திரியைப் பற்றவைத்துவிட்டு ஓடாமல் நடந்துதான் வருவார், "ஓடினால் விழுவோம்" என்பார். அவரை நான் அவ்வளவு நேசித்தேன். அப்போது ஒரு புதுக்கதை வந்தது. சின்னதாகத்தானே என்று போனேன். அது குறுநாவலாகி, இன்னொன்றாகி, இரண்டு வருடம் கழிந்தது. திரும்பி வந்து பார்த்தபோது அந்தப் பெரியவர் என்னிடம் பேசவில்லை. அவர் பேசுகிற தமிழ் என் வாயிலிருந்து போய்விட்டது. 190 பக்கமும் பீரோவில் இருக்கிறது. வருடத்துக்கு ஒரு முறை எடுத்துப் படிக்கிறேன். யாரோ எழுதியது போல இருக்கிறது. நாவல் உன்னுடையது என்றால் திரும்பி வரும் என்பது எனக்கு உண்மையாக அமையவில்லை. அதனால்தான் காலை நேரத்தில் இவ்வளவு நீளமாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அதற்குப் பிறகு எழுதிய இரண்டு நாவல்களிலும் ஒரு வழக்கத்தை விடாமல் வைத்திருக்கிறேன். வங்கி வேலை பார்ப்பவள், அதனால் பேரேடு மாதிரி ஒரு நோட்டு. புதுக்கதை வந்தால் பழைய பேனா அண்ணன் சொன்னது போலக் காட்சியை எழுதுவேன். மேலே இரண்டு விஷயம் சேர்ப்பேன். ஒன்று தேதி. இன்னொன்று, அன்றைக்கு நாவலில் எந்தப் பக்கத்தில், எந்த வரியில் நின்றேன் என்பது.

இந்த இரண்டாவதுதான் எனக்கு நிறையக் கற்றுக்கொடுத்தது. மூன்று மாதம் கழித்துப் புரட்டினால் நாலைந்து கதைகள் ஒரே பக்கத்தில் வந்து குவிந்திருக்கும். அந்தப் பக்கத்தில் நாவலுக்குள் எனக்குத் தெரியாத ஏதோ ஒன்று இருந்திருக்கிறது. அதைத் தாண்ட முடியாமல் மனசு பக்கத்துத் தெருவழியாகச் சுற்றிப்போகிறது. சில சமயம் அந்தச் சுற்றுவழிதான் நாவலுக்கே வழி.

கொழுந்துமலை, உங்கள் கதைகள் எல்லாம் எந்த இடத்தில் வந்தன என்று ஒரு முறை பாருங்களேன்.

முதல்வரி
திங்கள், காலை 10.40

எல்லோருக்கும் வணக்கம். திருச்சியில் கல்லூரி மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். படிக்கப் படிக்க என்னைப் பற்றியே பேசுவது போல இருக்கிறது. எனக்கு நாவல் எதுவும் இல்லை. ஆனால் கூகுள் டாக்ஸில் 63 தொடக்கங்கள் இருக்கின்றன. ஒன்றுகூட முடியவில்லை. ஒன்று தொடங்கி நாலாவது பக்கம் வரும்போது அடுத்தது வந்துவிடுகிறது. அடுத்தது நிச்சயமாக நன்றாக வரும் என்று தோன்றுகிறது. நண்பர்களிடம் கதையைச் சொன்னால் ரசிக்கிறார்கள். சொல்லி முடித்ததும் எழுதுகிற ஆசை போய்விடுகிறது. நான் எதைத் தேர்ந்தெடுப்பது?

அட்டன் கோச்சி
திங்கள், பகல் 1.15

கொழுந்துமலைக்கு வணக்கம். நான் அட்டனில்தான் இருக்கிறேன். ஆசிரியர். நாங்கள் போகாமல் நின்ற குடும்பம்.

கதை எழுதுவதைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனால் உங்கள் நாவலைப் பற்றி வாசித்ததும் ஒரு கேள்வி வந்தது. ஏழு பேர் கப்பலேறினார்கள் என்கிறீர்கள். நின்றவர்கள் யார்? எங்கள் பக்கத்தில் ஒரு லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பத்துக் காம்பரா (அறை) இருந்தால், முழுவதாகப் போன லயமும் இல்லை, முழுவதாக நின்ற லயமும் இல்லை. அண்ணன் இந்தியாவுக்கு எழுதிப்போட்டிருப்பார், தம்பி இங்கே பிரஜாவுரிமை கேட்டிருப்பார். அம்மா யாரோடு என்பது பெரிய சண்டையாக இருக்கும். கோச்சி வரும் நாளில் ஸ்டேஷனில் நடந்ததை என் அம்மா சொல்வார். போகிறவர்கள் யன்னலுக்கு உள்ளே, நிற்கிறவர்கள் வெளியே, கையை விடாமல் பிளாட்பாரம் முடியும் வரை நடப்பார்களாம். அப்படி நின்றவர்களில் பலருக்கு இந்த நாட்டிலும் காகிதம் சரியாகக் கிடைக்கவில்லை. 2003இல் சட்டம் வந்த பிறகுதான் மிச்சமிருந்தவர்களுக்கு வழி பிறந்தது.

நின்றவர்கள் நாவலுக்குள் வருகிறார்களா? வராவிட்டால், அவர்கள்தான் வேறு வேறு பெயரில் உங்களிடம் வருகிறார்களோ என்று நினைத்தேன். தவறாக இருந்தால் மன்னியுங்கள்.

இன்னொன்று. ரயில் என்று எழுதியிருந்தால் பாத்திரங்கள் வாயில் கோச்சி என்று மாற்றுங்கள். லயத்தின் முன்திண்ணை வராந்தா இல்லை, இஸ்தோப்பு. காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடம் பெரட்டுக்களம். உங்கள் அப்பாயிக்கு இவை எல்லாம் தெரியும், கேட்டுப் பாருங்கள்.

பழைய பேனா
திங்கள், மாலை 5.50

முதல்வரி தம்பிக்கு.

63ஐயும் திறக்காதே. கண்ணை மூடிக்கொண்டு யோசி. எது தானாக ஞாபகத்துக்கு வருகிறதோ அதை எடு. இரண்டு வந்தால் சின்னதை எடு. அதை எட்டுப் பக்கத்துக்குள், பத்து நாளில் முடி. நன்றாக வராது. வரவேண்டிய அவசியமும் இப்போது இல்லை. ஒரு கதையின் கடைசிப் பக்கத்தில் என்ன ஆகும் என்று உன் கைக்குத் தெரியவே தெரியாது, அந்தப் பக்கத்துக்கு நீ இன்னும் போனதே இல்லை. ஒரு தடவை போய்விட்டு வா. இரண்டாவது கதையில் நாலாம் பக்கம் இவ்வளவு பயமாக இருக்காது.

அப்புறம், நண்பர்களிடம் சொல்வதை நிறுத்து. இதை நான் கண்டிப்பாகவே சொல்கிறேன். கதை சொல்வதில் கிடைக்கிற சந்தோஷமும் எழுதுவதில் கிடைக்கிற சந்தோஷமும் ஒரே பானைத் தண்ணீர்தான். டீக்கடையிலேயே மொண்டு ஊற்றிவிட்டால் வீட்டுக்கு வந்து எதைக் குடிப்பாய்? கதையைப் பற்றி யாராவது கேட்டால், எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று மட்டும் சொல்.

வைகைக்கரை
திங்கள், இரவு 8.30

எங்கே குறிப்பது என்பதைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. நான் பேருந்தில் போய்வருகிறவன், அதனால் குரல்பதிவு. இரண்டு வருடத்துப் பதிவுகள், இருநூறுக்கும் மேல், கைபேசிக்குள்ளேயே வைத்திருந்தேன். திரை உடைந்து ஒரு கடையில் பழுதுபார்க்கக் கொடுத்தபோது எல்லாவற்றையும் அழித்துத் திருப்பிக் கொடுத்தார்கள். அன்று இரவு சாப்பிட முடியவில்லை.

மறுநாள் உட்கார்ந்து ஞாபகம் இருப்பதை எழுதினேன். இருபத்தி இரண்டு வந்தன. அந்த இருபத்தி இரண்டில் மூன்றை எழுதியும் முடித்திருக்கிறேன். இப்போது பதிவு செய்தால் சனிக்கிழமை காலையில் கேட்டு, குயர் நோட்டில் கையால் எழுதிவிட்டு, நோட்டைப் படம்பிடித்து மின்னஞ்சலில் எனக்கே அனுப்பிக்கொள்கிறேன். திரும்பக் கேட்கும்போதே பாதிக்கு மேல் எழுதத் தோன்றாது. அதுவே ஒரு வடிகட்டல்.

கொழுந்துமலை
புதன், இரவு 10.10

இரண்டு நாளாக எதுவும் எழுதாததற்கு மன்னிக்கவும். நோட்டுகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நான் பக்க எண் எதுவும் குறித்து வைக்கவில்லை. ஆனால் புதுக்கதைகளை எனக்கு நானே வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொள்ளும் பழக்கம் உண்டு, அதில் தேதி இருந்தது. நாவல் நோட்டில் ஒவ்வொரு நாளும் எழுதி முடித்த இடத்தில் தேதி போடுவேன். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மொத்தம் பதினொரு கதை. அவற்றில் எட்டு, பதினான்காம் அத்தியாயம் தொடங்கிய பிறகு வந்தவை. அதிலும் ஆறு, ஒரே பக்கத்தில் நான் நின்ற ஏழு வாரத்தில் வந்தவை. பக்கம் 271.

அந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று சொல்கிறேன். தாத்தா கண்டிக்குப் போய் இந்தியாவுக்கான காகிதங்களைக் கொடுத்துவிட்டு லயத்துக்குத் திரும்புகிறார். இஸ்தோப்பில் அவருடைய அண்ணன் உட்கார்ந்திருக்கிறார். அண்ணன் இலங்கைப் பிரஜாவுரிமைக்கு எழுதிப்போட்டவர். அட்டன் ஐயா கேட்ட அதே ஆள். அவர் நாவலில் இருக்கிறார், ஆனால் முதல் பாதியில் நாலு இடத்தில் எட்டிப் பார்ப்பதோடு சரி. இப்போது அண்ணனும் தம்பியும் நேருக்கு நேர். தாத்தா என்ன சொன்னார்? எனக்குத் தெரியாது. அப்பாயிக்கும் தெரியாது, அவர் அப்போது கொழுந்து பறிக்கும் மலையில் இருந்தார். ஏழு வாரம் நான் வெவ்வேறு வசனங்களை எழுதி எழுதி அடித்தேன். எல்லாமே நாடகத்தில் பேசுவது போல இருந்தது.

பிறகு ஸ்டூடியோக்காரர் கதையின் ஆறு பக்கத்தை எடுத்துப் படித்தேன். முதல் குறிப்பு இப்படி இருந்தது: "ஸ்டூடியோவில் ஒரே ஒரு கோட்டு. வருகிற எல்லா ஆண்களுக்கும் அதுதான். முதுகுப்பக்கம் துணிக்கிளிப் போட்டு இறுக்குவார், படத்தில் தெரியாது. ஒன்பது வயதுப் பையனுக்கும் அதையே மாட்டுகிறார். கை விரல் நுனி மட்டும் வெளியே. பையனைச் சிரிக்காதே என்கிறார். வெளியே ஒருவர் மழையில் குடையோடு நிற்கிறார். உள்ளே வரச் சொன்னால் வரமாட்டேன் என்கிறார்."

வெளியே நிற்கிறவர் யார் என்று அந்த ஆறு பக்கத்திலும் நான் சொல்லவே இல்லை. எனக்கே தெரியாமல் இருந்தது. புதன் மதியம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தெரிந்தது. அவர் அண்ணன். தம்பி குடும்பத்தை ஸ்டூடியோ வரை கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார். படத்தில் அவர் வர முடியாது, அது இந்தியாவுக்குப் போகிறவர்கள் படம். ஒன்பது வயதுப் பையன் என் அப்பா.

இஸ்தோப்பில் அண்ணனும் தம்பியும் எதுவுமே பேசவில்லை. அதனால்தான் என்னால் எழுத முடியவில்லை. காட்சியே அங்கே இல்லை, ஸ்டூடியோ வாசலில் இருக்கிறது. 271ஆம் பக்கத்தை முழுவதும் அடித்துவிட்டேன்.

நிலவடி அக்கா, அட்டன் ஐயா, இரண்டு பேருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

தெற்குவாசல்
வியாழன், காலை 7.25

படித்ததும் உடம்பு சிலிர்த்தது. சரி, டால்ஸ்டாய் விஷயத்தில் நிலவடி சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன்.

ஆனால் ஒன்றை விடமாட்டேன். நீங்கள் அந்த ஆறு பக்கத்தை எழுதியிராவிட்டால், வெறும் குறிப்போடு மூடி வைத்திருந்தால், வாசலில் நின்றவர் யார் என்ற கேள்வி இவ்வளவு கனமாக உங்களுக்குள் இறங்கியிருக்குமா? அந்த ஒரு வாரம் வீணாகப் போனதாக எனக்குத் தோன்றவில்லை.

நிலவடி
வியாழன், காலை 8.00

இது நியாயமான கேள்வி. இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. நான் வைத்துக்கொண்டிருக்கும் அளவைச் சொல்கிறேன்: நாவலின் உலகத்துக்குள்ளேயே வருகிற கதை என்றால் ஒரே உட்காரலில் எவ்வளவு வருகிறதோ அவ்வளவு எழுதிப் பார்ப்பேன். எழுந்துவிட்டால் அத்தோடு நிறுத்துவேன். அதே காற்று, அதே பேச்சு, அதனால் குரல் கெடாது. வேறு உலகத்துக் கதை என்றால், அந்தத் துப்பறியும் கதை போல, பத்து வரி மட்டும்தான். அதைத் தொட்டால் காதில் வேறு தமிழ் ஓடத் தொடங்கிவிடும். என் குவாரி நாவல் போனது அப்படித்தான்.

கொழுந்துமலை, மீதிக் கதைகளையும் நாவலுக்குள் இழுத்துப் போட வேண்டும் என்று இப்போது தோன்றும். கவனமாக இருங்கள். ஒன்று பொருந்தியதும் எல்லாம் பொருந்துவது போலத்தான் இருக்கும். தராசைச் சரியாக வைத்தவர் எனக்குத் தனியாளாகத் தெரிகிறார். அவருக்கு உங்கள் குடும்பம் தேவையில்லை. அவரைச் சிறுகதையாக, நாவல் முடிந்த மறுநாள் எழுதுங்கள். நாவல் முடிந்ததும் வரும் வெறுமை ரொம்பக் கஷ்டமானது. அந்த நாளுக்கு ஒருவர் காத்திருக்கிறார் என்று தெரிந்தால் முடிப்பதற்கே தைரியம் வரும்.

முதல்வரி
வியாழன், இரவு 11.50

ஐயா, ஒன்றை எடுத்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. இங்கேயும் சொல்லப் போவதில்லை. ஐந்தாவது பக்கத்தில் இருக்கிறேன்.

பழைய பேனா
வெள்ளி, காலை 6.30

மிகவும் சந்தோஷம் தம்பி. ஆறாவது பக்கத்தில் இன்னொரு கதை வரும். பத்து வரி எழுதிவிட்டு இதற்கே திரும்பி வா.

கொழுந்துமலை
ஐந்து மாதம் கழித்து, சனி, இரவு 9.45

இந்த இழையைத் தேடி எடுத்து எழுதுகிறேன், சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை.

பதினான்காம் அத்தியாயம் முடிந்து, இப்போது பதினெட்டில் இருக்கிறேன். துறைமுகத்து இட்லி அம்மா பதினாறாம் அத்தியாயத்தில் ஒரு பக்கம் வருகிறார். கப்பலிலிருந்து இறங்கியவர்களிடம் இலங்கைக் காசை வாங்கிக்கொள்ள மாட்டேன் என்று முதலில் சொல்கிறார், பிறகு வாங்கிக்கொள்கிறார். அவ்வளவுதான். அவரைப் பெரிதாக்கவில்லை. மண்டபம் பகுதியை எழுதும்போது மூன்று புதுக்கதை வந்தன. என் கொள்ளுத்தாத்தாவும் இலங்கைக்குப் போகும்போது அதே மண்டபத்தில்தான் நோய்த்தடுப்புக்காக நிறுத்திவைக்கப்பட்டார் என்று அப்பாயி சொன்னதிலிருந்து வந்தவை. மூன்றுக்கும் தேதியும் பக்க எண்ணும் போட்டு வைத்திருக்கிறேன். தராசுக்காரர் நோட்டின் கடைசிப் பக்கத்தில் காத்திருக்கிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை, நாவல் முடியும் வரை பொறுக்காமல், பதினான்காம் அத்தியாயத்தை அப்பாயிக்குப் படித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கோட்டு வரும் இடத்தில் "ஆமா, பின்னாடி கிளிப்பு" என்றார். இதை அவர் எனக்குச் சொன்னதாக எனக்கு ஞாபகமே இல்லை, நானாகக் கற்பனை செய்ததாக நினைத்திருந்தேன். சின்ன வயதில் எப்போதோ அவர் சொல்லிக் கேட்டதுதான் அத்தனை வருடம் கழித்துப் புதுக்கதை என்று வந்திருக்கிறது.

பெரிய தாத்தா வாசலில் மழையில் நிற்கும் இடம் முடிந்ததும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் கண்ணைத் திறந்து, "குடையெல்லாம் கங்காணிக்குத்தான். அவுக கம்பளியப் போத்திக்கிட்டு நின்னாக" என்றார்.

நாளைக் காலையில் அந்தக் குடையை எடுத்துவிட வேண்டும்.